எஞ்சினுக்கு மூளை வந்த கதை: அந்தப் பெட்டியைத் திறப்பது யார்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் நாலு பேர் ஒரு கராஜில் நின்றோம். எங்களில் ஒருத்தனின் ஒன்றுவிட்ட அண்ணையின் கராஜ் அது. கூரைக்குக் கீழே ஒரு பழைய டொயோட்டா கார், எஞ்சின் இல்லாமல். பக்கத்தில் மரக்கட்டைகளுக்கு மேல் ஒரு எஞ்சின், கார் இல்லாமல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து, இருக்கிற காரையே புதுசாக்குவம் என்ற எண்ணம் அண்ணைக்கு. அவர் வாங்கி வைத்திருந்தது ஜப்பானில் கழற்றி வந்த 1ஜேஸட் டர்போ எஞ்சின். 2.5 லீற்றர், ஆறு சிலிண்டர்.

பிரச்சினை என்னவென்றால், கழற்றினவர்கள் வயர்களைக் கத்தியால் வெட்டி எடுத்திருந்தார்கள். எஞ்சினோடு வரவேண்டிய கம்பியூட்டர் வரவில்லை.

"எஞ்சின் வந்திட்டுது. மூளை வரேல்லை," எண்டார் அண்ணை.

எந்த மூளையை வாங்குவது என்று அவரும் அவருடைய சிநேகிதர்களும் ரெண்டு மணித்தியாலம் வாதாடினார்கள். அவுஸ்திரேலியப் பெட்டி, நியூசிலாந்துப் பெட்டி, நாங்களே ஒட்டிச் செய்யும் பெட்டி, பழைய ஜப்பான் பெட்டி. எங்களுக்குப் பாதி விளங்கவில்லை. நாங்கள் கலைப்பீடம். வரலாறும் சமூகவியலும் படிக்கிறவர்களுக்கு ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே பெரிய விஷயம்.

ஆனால் அந்த வாதத்தில் அடிக்கடி வந்த ஒரு கேள்வி எங்களுக்கு நல்லாத் தெரிந்த கேள்வி. "அதைத் திறக்க விடுவினமோ?" இது அதிகாரத்தைப் பற்றிய கேள்வி. அதனால்தான் இந்தக் கட்டுரை. ஒரு எஞ்சினுக்குள் கம்பியூட்டர் எப்படி வந்தது, ஏன் வந்தது, வந்த பிறகு யார் அதைப் பூட்டினார்கள், யார் திறந்தார்கள் என்று தேடிப் பார்த்தோம்.

மூளை இல்லாத காலம்

ஒரு பெற்றோல் எஞ்சினுக்குத் தெரியவேண்டிய விஷயங்கள் அடிப்படையில் ரெண்டுதான். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல்? எந்தக் கணத்தில் பொறி?

முதலாவதுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் புகை, செலவு. குறைந்தால் சூடு, கடைசியில் பிஸ்டனில் ஓட்டை. நூறு வருடம்வரை இந்தக் கணக்கைச் செய்தது காபரேற்றர். அது ஒரு ஒடுங்கிய குழாய், அவ்வளவுதான். காற்று வேகமாகப் போகும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறையும், பெற்றோல் தானாக உறிஞ்சப்படும். பொறிக்கு டிஸ்ரிபியூட்டர். அதற்குள் சின்னச் சின்னப் பாரங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அவை வெளியே விரிந்து பொறியைக் கொஞ்சம் முந்த வைக்கும்.

இதில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தால் மாற்றலாம். இதன் அருமை எங்கட ஊருக்குத் தெரிந்த அளவுக்கு வேறெங்கும் தெரிந்திருக்குமோ தெரியாது. அதைப் பிறகு சொல்கிறோம்.

சாதாரண எஞ்சினுக்கு இது போதும். டர்போவுக்குப் போதாது. டர்போ என்பது வெளியே போகிற புகையால் ஒரு காற்றாடியைச் சுற்றி, அதே தண்டில் இருக்கும் இன்னொரு காற்றாடியால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுவது. சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். கப்பலுக்கும் விமானத்துக்கும் போன டர்போ காருக்கு வர 1962 ஆனது. காரணம், அமுக்கப்பட்ட காற்று சுடும். சூடான கலவை பொறிக்குக் காத்திராமல் தானாக வெடிக்கும். மெக்கானிக்மார் 'நொக்' என்பது இதைத்தான். கல்லைத் தகரத்தில் எறிந்த மாதிரிச் சத்தம் வரும். கொஞ்ச நேரம் விட்டால் எஞ்சின் முடிந்தது.

1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்றது. 3.5 லீற்றர் எஞ்சின், 215 குதிரைவலு. நொக்கைத் தடுக்க அவர்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் விசிறுவது. அதற்குத் தனித் தொட்டி. தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தத்தை ஒரு வால்வு குறைத்துவிடும். வாங்கினவர்களில் பலர் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். "கார் இழுக்குதில்லை" என்று முறைப்பாடு. 1963இலேயே உற்பத்தி நின்றது. பிறகு நிறுவனமே டர்போவைக் கழற்றிச் சாதாரணக் காபரேற்றர் போட்டுக் கொடுக்க முன்வந்தது.

டர்போவுக்கு வேண்டியது இன்னொரு தொட்டி இல்லை, ஒரு மூளை என்பதுதான் இந்தக் கதையில் எங்களுக்கு விளங்கியது. ஒவ்வொரு கணமும் அழுத்தத்தையும் சூட்டையும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடியது.

வேகத்துக்காக வரவில்லை, புகைக்காக வந்தது

நாங்கள் நினைத்திருந்தது, கம்பியூட்டர் எஞ்சினுக்குள் வந்தது வேகத்துக்காக என்று. இல்லை. அது புகையால் வந்தது.

முதல் முயற்சி 1957இல், அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனத்தின் 'எலெக்ட்ரோஜெக்டர்'. பெற்றோலை மின்சார வால்வால் விசிறுவது. 1958இல் கிறைஸ்லர் நிறுவனம் அதைச் சில கார்களில் போட்டு விற்றது. மொத்தம் ஏறத்தாழ 35 கார்கள். அந்தக் காலத்து எலெக்ட்ரோனிக் பாகங்கள் எஞ்சின் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களைத் திருப்பி எடுத்துக் காபரேற்றர் போட்டுக் கொடுத்தார்கள். காப்புரிமை ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்திடம் போனது.

இதே காலத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் சனங்களுக்குக் கண் எரிந்தது. நகரத்தை மூடிய மஞ்சள் புகை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து, கார்ப் புகையும் சூரிய வெளிச்சமும் சேர்ந்து உண்டாக்குவது அது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயனவியலாளர். கலிபோர்னியா சட்டம் போடத் தொடங்கியது. அமெரிக்காவில் கார் விற்க விரும்பியவர்கள் புகையைக் குறைத்தாக வேண்டும். 1967இல் பொஷ் 'டி-ஜெட்ரோனிக்' வந்தது. அதை முதலில் எடுத்த கார்களில் ஒன்று அமெரிக்காவுக்குப் போன ஃபோக்ஸ்வாகன் 1600. உள்ளே இருந்தது இன்றைய கருத்தில் கம்பியூட்டர் இல்லை. டிரான்சிஸ்டர்களால் செய்த ஒரு பெட்டி. ஆனால் காற்றழுத்தத்தை அளந்து, வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அது தீர்மானித்தது.

1970இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம். 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1976இல் வொல்வோ கலிபோர்னியாவுக்கு அனுப்பிய கார்களில் 'லம்டா' உணரி வந்தது. புகைக் குழாயில் மிச்சம் இருக்கும் ஒட்சிசனை அது மணந்து பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும்: பெற்றோல் கூடிப் போச்சு, குறைஞ்சு போச்சு. 1979இல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் பொஷ் 'மோட்ரோனிக்'. பெற்றோலையும் பொறியையும் ஒரே டிஜிட்டல் பெட்டி பார்த்துக்கொண்டது. மூளை முழுதாக வந்துவிட்டது.

வேலை எப்படி? பள்ளிக்கூட வாய்ப்பாட்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் எஞ்சின் வேகம், மற்றப் பக்கம் காற்றழுத்தம். ரெண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண். இவ்வளவு பெற்றோல் விசிறு. இன்னொரு வாய்ப்பாட்டில் பொறிக்கான எண். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 தரம் சுற்றும்போது ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு செக்கனுக்கு 300 பொறிகள். ஒவ்வொரு பொறிக்கும் பெட்டி வாய்ப்பாட்டைப் பார்க்கிறது. பொறி ஒரு பாகை தள்ளிப் போவது என்றால் செக்கனில் 36,000இல் ஒரு பங்கு தள்ளிப் போவது. அந்த ஒரு பாகையில்தான் நல்ல எஞ்சினுக்கும் ஓட்டை விழுந்த பிஸ்டனுக்கும் இடையிலான வித்தியாசம் கிடக்கிறது.

மொன்றியலில் ஒரு கிழமை

அதிக வலுவும் டர்போவும் கம்பியூட்டரும் ஒன்றாகச் சந்தித்த இடம் என்றால் ஃபோர்முலா 1 தான்.

1977இல் ரெனோ டர்போ எஞ்சினோடு ஃபோர்முலா 1க்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்து ரெனோவும் ஃபெராரியும் பெற்றோலை விசிறியது இயந்திரப் பம்புகளால். 1980இல் பி.எம்.டபிள்யூ தானும் வருவதாக அறிவித்தது. பொறியியலாளர் போல் ரோஷே எடுத்த எஞ்சின் 1.5 லீற்றர், நாலு சிலிண்டர். அதன் அடிக்கட்டை 1960களில் சாதாரண பி.எம்.டபிள்யூ கார்களில் ஓடின அதே அடிக்கட்டையின் வழிவந்தது. பல வருடம் ஓடிக் களைத்த பழைய கட்டைகளைத்தான் தெரிந்தெடுத்தார்கள், பழைய இரும்பு வளையாது என்பதால், என்று ஒரு கதையும் உண்டு. புதுமை இருந்தது மூளையில். பொஷ்ஷோடு சேர்ந்து செய்த டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பெட்டியை அதில் போட்டார்கள். ஃபோர்முலா 1இல் அப்படி வந்த முதல் எஞ்சின்களில் அது ஒன்று.

1982 தொடக்கத்தில் பிரபாம் அணிக்கு அந்த எஞ்சின் தந்தது தலையிடி. அடிக்கடி உடைந்தது. அணி இடையில் பழைய ஃபோர்ட் எஞ்சினுக்குத் திரும்பிப் போனது. யூன் 6ஆம் திகதி டெற்றோயிற்றில் நடந்த பந்தயத்தில் உலக சம்பியனாக இருந்த நெல்சன் பிக்கே தகுதிச் சுற்றிலேயே தோற்று, பந்தயத்தில் ஓடவே முடியாமல் போனது. அடுத்த ஞாயிறு, யூன் 13, மொன்றியல். அதே பிக்கே, அதே பி.எம்.டபிள்யூ எஞ்சின். முதலாமிடம்.

அடுத்த வருடம், 1983 ஒக்டோபர் 15, தென்னாபிரிக்காவின் கயலாமி. கடைசிப் பந்தயம். ரெனோவின் அலன் புரோஸ்ட் ரெண்டு புள்ளி முன்னால். புரோஸ்டின் டர்போ இடையில் போனது. பிக்கே மூன்றாவதாக வந்து 59க்கு 57 என்று சம்பியன் ஆனார். டர்போ எஞ்சினோடு ஒரு ஓட்டுநர் உலக சம்பியன் ஆனது அதுதான் முதல் தடவை.

பிறகு விதிகள் மாறின. 1984இல் ஒரு பந்தயத்துக்கு 220 லீற்றர் எரிபொருள்தான் என்றார்கள். 1986இல் 195. 1988இல் டர்போ கார்களுக்கு 150. வலு கூட்டுவதை விட, இருக்கிற எரிபொருளைக் கடைசிச் சுற்றுவரை கணக்குப் பார்த்துச் செலவழிப்பது பெரிய வேலையானது. கம்பியூட்டர் கணக்கப்பிள்ளை ஆனது. அந்தக் கணக்கை நன்றாகச் செய்த ஹொண்டா எஞ்சினோடு 1988இல் மக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. அடுத்த வருடம் டர்போவுக்கே தடை வந்துவிட்டது.

பூட்டின பெட்டியும் திறந்த பெட்டியும்

பந்தயத்தில் பெட்டிக்குள் இருந்த எண்களைப் பொறியியலாளர்கள் தினமும் மாற்றினார்கள். தெருவில் ஓடின கார்களில் நிலைமை வேறு. எண்களைத் தொழிற்சாலை எழுதியது, மூடியது, விற்றது.

ஜப்பானின் கதை இதில் சுவையானது. 1989 தொடக்கம் 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு இணக்கம் வைத்திருந்தன. உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைவலுவுக்கு மேல் காட்டுவதில்லை என்று. அதனால் 1ஜேஸட்டுக்கும் கடதாசியில் 280. அதன் பெரிய சகோதரமான 3 லீற்றர் 2ஜேஸட் டர்போவுக்கும் கடதாசியில் 280. ஆனால் ரெண்டின் இரும்பும் அதைவிட எவ்வளவோ தாங்கும். 2ஜேஸட் உள்பாகம் மாற்றாமலே இரட்டிப்புக்கு மேல் தாங்கும் என்பது உலகம் முழுக்க மெக்கானிக்மாருக்குத் தெரிந்த விஷயம். அப்படியானால் அந்த 280இல் ஒரு பகுதி பெட்டிக்குள் எழுதின எண். டர்போ அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் பெற்றோலை வெட்டு என்று உள்ளே எழுதியிருந்தது. அதைத் தாண்ட நினைத்தவனுக்குப் பெட்டியைத் திறக்கவேண்டி வந்தது.

திறக்க நாலு வழி உண்டாயின. அண்ணையின் கராஜில் நடந்த வாதமும் இந்த நாலைப் பற்றித்தான்.

முதலாவது, பழைய பெட்டிக்குள்ளேயே எண்களை மாற்றுவது. 1980கள், 90களில் சிப்பைக் கழற்றி வேறு எண்கள் எழுதின சிப்பைப் போட்டார்கள். எல்லாப் பெட்டியும் இதற்கு இடம் கொடுக்காது.

இரண்டாவது, பொய் சொல்லும் பெட்டி. உணரிக்கும் பழைய கம்பியூட்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. காற்று கூட வந்தாலும் "அவ்வளவு வரேல்லை" என்று கம்பியூட்டருக்குச் சொல்லும். மலிவு. ஆனால் ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் தேவைப்படும். பெரிய டர்போவுக்கு அது கட்டாது.

மூன்றாவது, பழையதைத் தூக்கிப் போட்டு முழுப் புதுப் பெட்டி. அவுஸ்திரேலியாவின் ஹல்டெக் 1986இலும், மோடெக் 1987இலும் தொடங்கப்பட்டவை. நியூசிலாந்தின் லிங்க்கும் இந்த வகை. பந்தய அணிக்கு மட்டும் இருந்த திறப்பைக் கராஜுக்கு விற்றவர்கள் இவர்கள் என்று சொல்லலாம். விலைதான் கராஜுக்கு எட்டாதது.

நாலாவது, நீங்களே செய்வது. 2001இல் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிறிப்போ என்ற ரெண்டு பேர் 'மெகாஸ்குவர்ட்' என்ற பெட்டியை வெளியிட்டார்கள். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, ஈயம் வைத்து ஒட்டி, வீட்டு மேசையில் எஞ்சின் கம்பியூட்டர் செய்யலாம். அதன் பிறகு ஸ்பீடுயினோ, ரஸ்ஈஎஃப்ஐ என்று யாரும் பார்க்கக் கூடிய, திருத்தக் கூடிய திறந்த மென்பொருளில் ஓடும் பெட்டிகள் வந்தன.

அப்ப எதை எடுக்கிறது?

எங்களுக்கு விளங்கின அளவில், அண்ணை எங்களுக்குச் சொல்லித் தந்த ஒழுங்கிலேயே சொல்கிறோம்.

எவ்வளவு குதிரைவலு வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. பெட்டி வலுவை உண்டாக்குவதில்லை. வலு காற்றிலும் பெற்றோலிலும் இருந்து வருவது. பெட்டி அதை உடையாமல் வைத்திருக்கும்.

முதற் கேள்வி, எஞ்சின் சுற்றும் நிலையை அந்தப் பெட்டியால் வாசிக்க முடியுமா? எஞ்சின் தண்டில் ஒரு பல்லுச் சக்கரம் இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் பல்லை ஒவ்வொரு விதமாக வெட்டும். அதை வாசிக்கத் தெரியாத பெட்டிக்குப் பொறி எங்கே அடிப்பது என்று தெரியாது. அடுத்தது, ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெற்றோல் விசிறவும் பொறி அடிக்கவும் அதில் போதிய வாசல்கள் இருக்கிறதா? நொக் சத்தத்தைக் கேட்கும் காது இருக்கிறதா? லம்டா உணரியை நுணுக்கமாக வாசிக்குமா? எண்ணெய் அழுத்தம் விழுந்தாலோ பெற்றோல் குறைந்தாலோ ஓட்டுகிறவரைக் கேளாமல் எஞ்சினைத் தணிக்குமா? பெரிய டர்போ எஞ்சினைக் காப்பாற்றுவது கடைசியில் இந்தக் குணம்தான்.

பெற்றோலும் ஒரு கேள்வி. இந்த எஞ்சினுக்கு எண்களை எழுதினவர்கள் ஜப்பானின் உயர்தரப் பெற்றோலை நினைத்து எழுதினார்கள். அதன் ஒக்டேன் எங்கட 95ஐ விடக் கூட. இங்கே சாதாரணமாக அடிப்பது 92. ஒக்டேன் குறைந்தால் நொக் முந்தி வரும். ஆகவே ஜப்பான் எண்களை அப்படியே இங்கே ஓட்ட முடியாது. இடத்துக்கு ஏற்ற மாதிரி எண்களைத் திருப்பி எழுத வேண்டும்.

கடைசியாக அண்ணை சொன்னதை நாங்கள் கொப்பியில் எழுதி வைத்தோம்: "உலகத்தில திறமான பெட்டி எது எண்டு கேட்கக் கூடாது தம்பி. உனக்குக் கிட்ட இருக்கிற ஆளுக்கு எந்தப் பெட்டி தெரியும் எண்டு கேள்."

ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்குத் தெரிந்த ஒருத்தர் நாலு வருடத்துக்கு முதல் நிறையக் காசு கொடுத்து நல்ல பெட்டி ஒன்று போட்டார். எண்களை எழுதினவர் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, கொஞ்சக் காலத்தில் வெளிநாடு போய்விட்டார். கார் இப்போதும் நிற்கிறது. ஒரு விசிறியை மாற்றினால்கூட எண்ணை மாற்ற முடியாது. பெட்டி சொந்தக்காரருடையது. அதற்குள் இருக்கிற அறிவு அவருடையது இல்லை.

ஐயாவின் மண்ணெண்ணெய்

வாதம் முழுக்க ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்து கேட்டவர் அண்ணையின் தகப்பன். அவரும் மெக்கானிக். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். எந்தக் கம்பியூட்டரைக் கேட்டனாங்கள்?"

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கின பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கட வீடுகளில் எல்லாரும் சொல்லும் கதைதான். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. றோட்டு முழுக்க வெள்ளைப் புகை.

நாங்கள் இதுவரை அதைச் சாதனைக் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் அதன் உள்வேலையைக் கேட்டோம். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால்தான் எஞ்சின் சுடும்வரை பெற்றோல். அதன் ஒக்டேன் மிகக் குறைவு. அதனால் நொக். பழைய எஞ்சின்கள் கலவையை அதிகம் அமுக்காதபடியால் தாங்கின. டிஸ்ரிபியூட்டரைக் கையால் திருப்பிப் பொறியைப் பிந்த வைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும்.

இப்போது கராஜில் கேட்ட விஷயங்களை யோசித்துப் பாருங்கள். பெற்றோல் அளவு, பொறி நேரம், நொக், ஒக்டேன். ஐயா செய்ததும் அதே வாய்ப்பாட்டைத் திருப்பி எழுதினதுதான். எண் இல்லாமல், காதாலும் கையாலும். அவரால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் அவருடைய திறமை மட்டும் இல்லை. அந்த எஞ்சின் பூட்டப்படாமல் இருந்தது. இன்றைக்கு அப்படி ஒரு தடை வந்தால் பூட்டின பெட்டியோடு ஓடும் கார் ஒன்றை என்ன செய்வோம்? ஐயாவிடம் கேட்டோம். "தள்ளிக்கொண்டு போவம்," என்றார்.

ஆனால் நாங்கள் திறந்த பெட்டிக்கு மட்டும் கைதட்டி முடிக்க விரும்பவில்லை. கம்பியூட்டர் வந்தது லொஸ் ஏஞ்சலிஸ் சனங்களின் கண் எரிவால் என்று மேலே எழுதினோம். திறந்த பெட்டி கையில் கிடைத்தவர்களில் பலர் செய்யும் முதல் வேலை, புகைச் சுத்திகரிப்பைக் கழற்றிவிட்டு எண்ணை மாற்றுவது. அந்தப் புகை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும். மண்ணெண்ணெய்ப் புகை எங்களுக்கு வேறு வழியில்லாத புகை. இது அப்படி இல்லை.

மறுபக்கம், பூட்டினால் மட்டும் காற்று சுத்தமாகுமா? 2015 செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் ஃபோக்ஸ்வாகனுக்கு அறிவித்தல் அனுப்பியது. சோதனை நடக்கும்போது அதை அடையாளம் கண்டு, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும்படி டீசல் கார்களின் கம்பியூட்டருக்குள் எழுதியிருந்தார்கள். உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரு கோடியே 10 இலட்சம் கார்கள். பெட்டி பூட்டியிருந்ததால் அந்தப் பொய்யைப் பல வருடம் வெளியில் யாரும் வாசிக்கவில்லை. அதற்கு அடுத்த மாதம், 2015 ஒக்டோபரில், தங்கள் சொந்த வாகனத்தின் மென்பொருளைத் திருத்தவும் ஆராயவும் உரிமையாளர்கள் பூட்டை உடைக்கலாம் என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. கார் நிறுவனங்களும் உழவு இயந்திரம் செய்யும் ஜோன் டியரும் அதை எதிர்த்திருந்தன. ஒரு விவசாயி தன் உழவு இயந்திரத்தைத் தானே திருத்தலாமா என்பது சட்டம் தீர்க்கவேண்டிய கேள்வியாக மாறிய காலத்தில் இருக்கிறோம்.

ஆகவே எங்களுக்குப் படுவது இதுதான். பெட்டி திறந்திருக்க வேண்டும், அதற்குள் என்ன எழுதினோம் என்பதற்கு எழுதினவர் பொறுப்புச் சொல்லவும் வேண்டும். ரெண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் யாரோ ஒருத்தர் புகையைக் குடிப்பார்.

அண்ணை கடைசியில் எடுத்தது நடுத்தர விலையில் ஒரு முழுப் புதுப் பெட்டி. பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். அதை எடுத்ததற்குக் காரணம், அந்தப் பெட்டி தெரிந்த ஒருத்தர் ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கிறார். அவரோடு போனில் கதைக்கும்போது அண்ணை ரெண்டு நிபந்தனை வைத்தார். கடவுச்சொல் போடக் கூடாது. வேலை முடிய எண்கள் முழுவதையும் கோப்பாகத் தரவேண்டும். புகைக் குழாயில் சுத்திகரிப்பு இருக்க வேண்டும் என்பதை நாங்கள் சொன்னோம். அண்ணை முகத்தைச் சுளித்தார். "பாப்பம்," என்றார். அடுத்த முறை போகும்போது திருப்பிக் கேட்போம்.

ஐயாவிடமும் ஒரு வேலை இருக்கிறது. ஐந்து வருடம் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டின அறிவு எங்கேயும் எழுதப்படவில்லை. எந்தக் காருக்கு எவ்வளவு திருப்பினார், எந்த எஞ்சின் தாங்கியது, எது போனது எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. வரலாறு படிக்கிற நாங்கள் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வாற சனிக்கிழமை ஒரு சீ.ஆர். கொப்பியோடு போகிறோம். உங்கட ஊரிலும் அப்படி ஒரு மெக்கானிக் இருப்பார். போய்க் கேளுங்கள், எழுதி அனுப்புங்கள்.